4,800 ரூபாய் பிராசசரும் 26,000 ரூபாய் லிஸ்ட்டும்: பழைய நாஸ் பெட்டிக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?

கிளவுட் சந்தாவுக்கு வருஷா வருஷம் எவ்வளவு கட்டறோம்னு நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதைப் பார்த்துட்டு என் ஆபீஸ்ல ஒரு தம்பி மதியம் சாப்பிடற நேரத்துல லேப்டாப்போட வந்து உட்கார்ந்தான். 26 வயசு, கைக்கு வர்ற சம்பளம் 42,000. "அண்ணா, நான் சந்தாவே வேண்டாம்னு பழைய நாஸ் ஒண்ணு வாங்கிட்டேன். ஆனா ரொம்ப ஸ்லோ. பிராசசர் மாத்தப் போறேன். லிஸ்ட் மட்டும் ஒரு தடவை பாருங்க"ன்னான்.

லிஸ்ட் இதுதான். ஜியான் பிராசசர் 4,800. 16 ஜிபி மெமரி 6,200. எஸ்எஸ்டி 3,700. வீடியோ ஓட்ட ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கார்டு 9,500. ஃபேன், ஹீட்சிங்க்னு 1,800. மொத்தம் 26,000. கிரெடிட் கார்டுல ஆறு மாச நோ-காஸ்ட் இஎம்ஐ. நோ-காஸ்ட்னு பேர் இருந்தாலும் அந்த வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி நம்ம தலையிலதான் விழும், பல பேங்க்ல பிராசசிங் கட்டணமும் உண்டு. அது வேற கதை, விடுங்க.

பெட்டியை அவன் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது 9,000 ரூபாய்க்கு. அதுக்கு மேல 26,000. இதுல எது நியாயமான செலவு, எது ஆசைக்குப் பண்ற செலவுன்னு பிரிக்கறதுக்கு எங்களுக்கு மூணு ஞாயிற்றுக்கிழமை ஆச்சு. அந்தக் கதையைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல, உங்க பெட்டியில பிராசசரை மாத்தவே முடியுமா?

நாஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி: வீட்டு நெட்வொர்க்ல எப்பவும் ஓடிட்டே இருக்கற ஹார்ட் டிஸ்க் பெட்டி. போன், லேப்டாப், டிவி எல்லாமே அதுல போட்டு எடுக்கலாம். 2021 ஜூன் 1-ஆம் தேதியில இருந்து கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவச இடத்தை நிறுத்தினதுக்கு அப்புறம் நிறைய பேர் இந்தப் பக்கம் திரும்பினாங்க.

கடையில கிடைக்கற வீட்டு நாஸ் பெட்டிகள்ல பெரும்பாலும் பிராசசர் போர்டோட சேர்த்து சால்டர் பண்ணியிருக்கும். உதாரணமா சினாலஜி டிஎஸ்920+ல இருக்கற செலரான் ஜே4125. அதைக் கழற்றி வேற போட வழியே கிடையாது. அந்த மாதிரி பெட்டி வச்சிருந்தா பிராசசர் மாத்தற யோசனையை இங்கேயே விட்டுடலாம். ஆனா கீழ வர்ற சோதனைகள் உங்களுக்கும் பொருந்தும், அதனால தொடர்ந்து படிங்க.

தம்பி வாங்கினது ஹெச்பி புரோலயன்ட் மைக்ரோசர்வர் ஜென்8. 2013-ல வந்த குட்டி சர்வர். நாலு டிஸ்க் போடலாம், ரெண்டு ஜிகாபிட் நெட்வொர்க் போர்ட் இருக்கு. பழைய நாஸ் பிரியர்கள் இன்னும் இதைத் தேடிப் பிடிச்சு வாங்கறதுக்குக் காரணம், இதுல பிராசசர் எல்ஜிஏ 1155 சாக்கெட்ல உட்கார்ந்திருக்கு. கழற்றலாம், மாத்தலாம். இதே பேர்ல இதுக்கு முன்னாடி வந்த என்36எல், என்40எல், என்54எல் மூணுலயும் ஏஎம்டி சிப் சால்டர் பண்ணியிருக்கும். இதுக்கு அப்புறம் 2017-ல வந்த ஜென்10-லயும் அப்படித்தான். மறுபடி சாக்கெட் வந்தது ஜென்10 பிளஸ்ல. அதனால "மைக்ரோசர்வர்"னு விளம்பரத்துல பேரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்துடாதீங்க. எந்த ஜென்னு கேளுங்க.

அவன் பெட்டிக்குள்ள இருந்தது செலரான் ஜி1610டி. ரெண்டு கோர், 2.3 கிகாஹெர்ட்ஸ், 35 வாட். பத்து வருஷப் பழசுன்னாலும் ஃபைல் எடுத்துக் கொடுக்கற வேலைக்கு இது போதும். அதனாலதான் "ஸ்லோ"ன்னு அவன் சொன்னதும் எனக்கு சந்தேகம் வந்தது.

"எது ஸ்லோ?"ன்னு கேட்டேன்.

"எல்லாமே அண்ணா."

எல்லாமேன்னு ஒரு பதிலே கிடையாது. டாக்டர்கிட்ட போய் உடம்பு பூரா வலின்னு சொன்னா அவர் என்ன மாத்திரை எழுதுவார்? கொஞ்சம் குடைஞ்சு கேட்டதுல மூணு புகார் வெளிய வந்தது. ஒண்ணு, ஃபைல் காப்பி ஆக நேரமாகுது. ரெண்டு, டிவியில படம் பார்த்தா நடுவுல சுத்திட்டே நிக்குது. மூணு, போட்டோ ஆல்பத்துக்குப் போட்ட இம்மிச் மென்பொருள் முகங்களைப் பிரிக்க ஆரம்பிச்சு ரெண்டு நாளாகியும் பாதி முடியல.

முதல் ஞாயிறு: 11 எம்பி கதை

அவன் வீடு வேளச்சேரியில. ஒயர் போட்டு லேப்டாப்பை இணைச்சு ஒரு பெரிய வீடியோ ஃபைலை நாஸ்ல காப்பி பண்ணச் சொன்னேன். வேகம் விநாடிக்கு 11 எம்பி. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல, கோடு போட்ட மாதிரி 11.

இந்த நம்பரை மனசுல வச்சுக்கோங்க. 100 மெகாபிட் இணைப்போட உச்சம் கணக்குப்படி விநாடிக்கு 12.5 எம்பி. நடைமுறையில 11 சொச்சம்தான் வரும். ஜிகாபிட்னா கணக்குப்படி 125, நடைமுறையில 110 பக்கம். அதனால உங்க காப்பி வேகம் 11-லயே நின்னா, ஜிகாபிட்னு நீங்க நினைச்சுட்டு இருக்கற வழியில எங்கேயோ 100 மெகாபிட் முடிச்சு ஒண்ணு இருக்கு. உள்ள எந்த பிராசசர் போட்டாலும் அந்த 11 மாறாது.

முதல்ல கேபிளைச் சந்தேகப்பட்டேன். ஜிகாபிட் ஓட கேபிளுக்குள்ள இருக்கற எட்டு கம்பியும் வேணும். 100 மெகாபிட்டுக்கு நாலே போதும். கதவிடுக்குல நசுங்கி ஒரு கம்பி போனா, இணைப்பு அறுந்துடாம சத்தமில்லாம 100-க்கு இறங்கிட வாய்ப்பு உண்டு. அதனால யாருக்கும் சந்தேகமே வராது. கேபிளை மாத்தினோம். மாறல. அப்புறம் பார்த்தா, இன்டர்நெட் கனெக்‌ஷனோட சும்மா கொடுத்த ரவுட்டர்ல போர்ட்டுகளே 100 மெகாபிட்தான். கீழ கடையில போய் அஞ்சு போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் ஒண்ணு 1,100-க்கும், ரெண்டு கேபிள் 250-க்கும் வாங்கினோம். நாஸும் லேப்டாப்பும் ஸ்விட்ச்ல, ஸ்விட்ச்ல இருந்து ரவுட்டருக்கு ஒரு கேபிள். வேகம் 108 எம்பி.

தம்பி கொஞ்ச நேரம் எதுவும் பேசல.

ரெண்டாவது புகாரான டிவி, பாதி இதனாலயே சரியாச்சு. மீதிக்குக் காரணம் வேற. டிவி ஆப்ல தரத்தைக் குறைச்சு வச்சிருந்ததால, நாஸ் ஒவ்வொரு தடவையும் வீடியோவை உடனுக்குடன் சின்னதா மாத்தி அனுப்பிட்டு இருந்தது. இதுக்கு டிரான்ஸ்கோடிங்னு பேரு. பிராசசரைப் பிழிஞ்சு எடுக்கற வேலை இதுதான். ஆப்ல "ஒரிஜினல் தரம்"னு மாத்தி வச்சதும் நாஸுக்கு ஃபைலைத் தூக்கிக் கொடுக்கற வேலை மட்டும்தான் மிச்சம். செலவு சைபர். லிஸ்ட்ல இருந்த 9,500 ரூபாய் கிராஃபிக்ஸ் கார்டை அன்னைக்கே அடிச்சோம்.

இங்க ஒரு எச்சரிக்கை. இன்டெல் சிப்புக்குள்ள வீடியோவுக்குன்னே தனிப் பகுதி இருக்கும், அது டிரான்ஸ்கோடிங்கை லேசா முடிச்சுடும்னு படிச்சிருப்பீங்க. உண்மைதான். ஆனா ஜென்8-ல திரைக்கான வேலையை ஐஎல்ஓ சிப்போட இருக்கற மேட்ராக்ஸ் ஜி200 பார்த்துக்குது. இன்டெல் வீடியோ பகுதி இருக்கற ஜியானைப் போட்டாலும் இந்த போர்டுல அதைப் பயன்படுத்த முடியாது. இதுக்காகவே பிராசசர் வாங்கி கையைச் சுட்டுக்கறவங்க இருக்காங்க. டிரான்ஸ்கோடிங்தான் உங்க தேவைன்னா இந்தப் பெட்டியில பணத்தைப் போடாதீங்க.

பிராசசர்தான் குற்றவாளின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மூணாவது புகாருக்கு வந்தோம். இதுக்கு நாஸ் திரையில டாப் அல்லது ஹெச்டாப்னு ஒரு கட்டளை கொடுத்துப் பார்க்கணும். பெட்டி திணறிட்டு இருக்கற அதே நேரத்துல பார்க்கணும், சும்மா இருக்கும்போது பார்த்து பிரயோஜனம் இல்ல. டாப்ல "டபிள்யூஏ"ன்னு ஒரு எண் வரும். பிராசசர் வேலை இல்லாம டிஸ்க்குக்காகக் காத்துட்டு இருக்கற நேரம் அது. அது அதிகமா இருந்தா பிரச்சனை டிஸ்க்ல. மெமரி நிரம்பி ஸ்வாப் ஓடுதுன்னா பிரச்சனை மெமரியில. ரெண்டும் இல்லாம கோர் எல்லாம் 100-ல நின்னா அப்பதான் பிராசசர்.

தம்பி பெட்டியில மெமரி 8 ஜிபி, அதுல பாதிதான் பயன்பாட்டுல இருந்தது. ஆக 6,200 ரூபாய் மெமரியும் லிஸ்ட்ல இருந்து போச்சு. இம்மிச் ஓடும்போது ரெண்டு கோரும் 100-ல நின்னுச்சு, டபிள்யூஏ கிட்டத்தட்ட சைபர். அப்புறம் அவன் பான், ஆதார், ஃபார்ம் 16, வீட்டுப் பத்திரம் எல்லாம் போட்டு வச்சிருந்த பூட்டின ஃபோல்டர். சாதாரண ஃபோல்டர்ல 108 வந்த வேகம், இந்த என்கிரிப்ட் பண்ணின ஃபோல்டர்ல 45-க்கு இறங்குச்சு. ஒரு கோர் முழுசா திணறுது.

இந்த ரெண்டும் நிஜமாவே பிராசசர் பிரச்சனைதான். ஜி1610டி-ல ஏஇஎஸ்-என்ஐ கிடையாது. என்கிரிப்ஷனுக்கான கணக்கைச் சிப்பே வேகமாப் போடறதுக்கான வசதி அது. ஏவிஎக்ஸும் கிடையாது. போட்டோவுல முகம் தேடற மாதிரி வேலையில ஒரே நேரத்துல நிறைய எண்களைப் போட்டு அரைக்க உதவறது அது. சில மென்பொருள்கள் ஏவிஎக்ஸ் இல்லேன்னா ஓடவே ஓடாது, மோங்கோடிபி 5.0-ல இருந்து அப்படித்தான். இதே சாக்கெட்ல வர்ற ஜியான் ஈ3 வி2 வரிசையில ரெண்டும் உண்டு. ஐ3-3240-ன்னு ஒண்ணு மலிவா கிடைக்கும், ஆனா அதுலயும் ஏஇஎஸ்-என்ஐ இல்ல. ஐ5 போடலாமான்னு கேட்பீங்க. அந்தத் தலைமுறை ஐ5 சிப்புகளுக்கு ஈசிசி மெமரி ஆதரவு கிடையாது, அதாவது மெமரியில ஒரு பிட் தப்பானா கண்டுபிடிச்சுத் திருத்தற வசதி போயிடும். சேமிப்புப் பெட்டியில அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

அதனால அவன் லிஸ்ட்ல தப்பில்லாத ஒரே ஐட்டம், வேடிக்கை பாருங்க, அவன் முதல்ல எழுதின பிராசசர்தான்.

எவ்வளவு வரைக்கும் போகலாம்?

இங்கதான் நம்ம பிளாக்கோட வேலை. "அந்த 4,800-ஐ எஸ்ஐபி-ல போட்டா 20 வருஷத்துல எவ்வளவு ஆகும்"னு கணக்குப் போட மாட்டேன். அப்படிப் பார்த்தா காபி கூட குடிக்க முடியாது. நான் பார்க்கறது வேற ஒண்ணு: இந்தப் பெட்டி நாளைக்கே செத்துப் போனா, நான் போட்ட பணத்துல எது என்னோட அடுத்த பெட்டிக்கு வரும், எது இதோட போகும்?

ஹார்ட் டிஸ்க் வரும். ஸ்விட்ச், கேபிள், எஸ்எஸ்டி வரும். எல்ஜிஏ 1155 பிராசசர் வராது. டிடிஆர்3 ஈசிசி மெமரி வராது. ஹீட்சிங்க் வராது. பத்து வருஷம் தாண்டின பெட்டியில பிராசசர் சாகறது அபூர்வம், பவர் சப்ளை, ஃபேன், போர்டுல இருக்கற கெபாசிட்டர் இதெல்லாம்தான் முதல்ல போகும். நாம புதுசா போடற சிப்பைச் சுத்தி இருக்கறதெல்லாம் வயசானது.

அதனால பெட்டியோட போயிடற பணத்துக்கு ஒரு கூரை வேணும். நான் வச்சிருக்கற கூரை, ஒரு வருஷக் கிளவுட் சந்தா. நான் 2 டிபி-க்கு வருஷச் சந்தாவா கட்டிட்டு இருந்தது 6,500. பெட்டி இன்னும் ஒரே ஒரு வருஷம் ஓடினாலும் அந்தப் பணம் திரும்பிடும். அதுக்கு மேல ஓடறது லாபம். இது என் அளவுகோல், வேதவாக்கு இல்ல. உங்க சந்தா எவ்வளவோ அதை வச்சுப் போட்டுக்கோங்க. தம்பியோட முதல் லிஸ்ட்ல எஸ்எஸ்டி தவிர 22,300 ரூபாய் கிட்டத்தட்ட பெட்டியோட ஒட்டிக்கற பணம். அந்தக் காசுக்கு கொஞ்சம் சேர்த்துப் போட்டா வாரண்டியோட புதுப் பெட்டியே பார்க்க ஆரம்பிக்கலாம்.

கரண்ட் பில்லையும் சேர்க்கணும். ஒரு வாட் வருஷம் பூரா ஓடினா 8.76 யூனிட். யூனிட் 6 ரூபாய்னு வச்சா 52 ரூபாய் சொச்சம். அவன் பெட்டியை பிளக் மீட்டர்ல போட்டுப் பார்த்தோம், சும்மா இருக்கும்போது 38 வாட். வருஷத்துக்கு 333 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 55 யூனிட். தமிழ்நாட்டு பில்ல கவனிக்க வேண்டியது அந்த 55. ரெண்டு மாசக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிட்டா, கீழ் அடுக்குல 101 முதல் 200 வரைக்கும் இருக்கற குறைஞ்ச ரேட்டும் போயிடும். 460, 470-ல நிக்கற வீட்டுக்கு நாஸ் ஒண்ணே அந்தக் கோட்டைத் தாண்ட வச்சுடும். ராத்திரி 12-ல இருந்து காலையில 6 வரைக்கும் அணைச்சு வைக்க டைமர் போட்டா கால்வாசி மிச்சம்.

சிப் அட்டையில 45 வாட், 69 வாட்னு போட்டிருக்கறதைப் பார்த்து பயப்பட வேண்டாம். அது முழு வேலையில வர்ற சூட்டுக்கான அளவு. நாஸ் நாள்ல பெரும்பாலான நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்கும், அப்ப வித்தியாசம் ரொம்பக் கம்மி. ஆனா சூட்டை மறந்துடவும் கூடாது. ஜென்8-ல ஹீட்சிங்க்குக்குன்னு தனி ஃபேன் கிடையாது, பின்னாடி இருக்கற ஒரே ஃபேன்தான் எல்லாக் காத்தையும் இழுக்கணும். 69 வாட் சிப் போட்டு ஓட்டறவங்க இருக்காங்க. சென்னை மே மாசத்துல, ஏசி இல்லாத ரூம்ல, நான் போட மாட்டேன். நாலு கோர், எட்டு த்ரெட், 45 வாட்ல வர்ற ஈ3-1265எல் வி2-ன்னு முடிவு பண்ணினோம். 17 வாட்ல ஈ3-1220எல் வி2-ன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டே கோர். என்கிரிப்ஷன் மட்டும் தேவைன்னா அது போதும், கிடைக்கறதுதான் கஷ்டம்.

ரெண்டாவது ஞாயிறு: பெட்டியைத் திறக்கவே இல்ல

சிப் வந்துடுச்சு. செகண்ட் ஹேண்ட் ஜியான் வாங்கும்போது மேல இருக்கற எழுத்தைப் படிங்க. "கான்ஃபிடென்ஷியல்"னு பொறிச்சிருந்தா அது சோதனைக்குன்னு செஞ்ச சாம்பிள், விற்பனைக்கு வந்த சிப் இல்ல, திருப்பி அனுப்பிடுங்க. இவனுக்கு வந்தது ஒழுங்கான சிப்தான். ஸ்க்ரூடிரைவரும் கையுமா நின்னான்.

"பேக்கப் எங்க இருக்கு?"ன்னு கேட்டேன்.

"நாஸ்தானே அண்ணா பேக்கப்பே?"

பெட்டியோட வந்த ரெண்டு 2 டிபி டிஸ்க்கையும் வேகத்துக்காக ரெய்டு 0-ல சேர்த்திருக்கான். அதாவது ஒவ்வொரு ஃபைலும் துண்டு துண்டா ரெண்டு டிஸ்க்லயும் கிடக்கு, ஒண்ணு போனா எல்லாமே போச்சு. ரெய்டு 1 போட்டு ஒரே மாதிரி ரெண்டு பிரதி வச்சிருந்தாலும் அதுவும் பேக்கப் ஆகாது. தப்பா அழிச்சா ரெண்டுலயும் அழியும், இடி விழுந்தா ரெண்டும் ஒண்ணா போகும். டிஸ்க்கோட ஆரோக்கிய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஒரு டிஸ்க் 51,000 மணி நேரம் ஓடியிருக்கு. கிட்டத்தட்ட ஆறு வருஷம் இடைவிடாம.

உள்ள என்ன இருக்குன்னு கேட்டேன். அக்கா கல்யாண வீடியோ, காலேஜ் போட்டோ, அப்புறம் அப்பாவோட பழைய ஆல்பம் பூரா ஸ்கேன் பண்ணினது. அப்பா இப்ப இல்ல. ஆல்பத்தை ஊர் வீட்டுல கரையான் அரிச்சாச்சு. 2.8 டிபி, உலகத்துல ஒரே ஒரு பிரதி, அதுவும் ரெய்டு 0-ல. 26,000 ரூபாய் லிஸ்ட்ல பேக்கப்புக்குன்னு ஒரு ரூபாய் இல்ல.

நான் பெட்டியைத் தொடல. 4 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒண்ணு, 9,600 ரூபாய், ஆர்டர் போட வச்சேன். அவனுக்கு முகம் சுருங்கிப் போச்சு. "அண்ணா, இதுக்கு ஸ்பீடு ஒண்ணும் ஏறாதே"ன்னான். அந்த வாரம் ராத்திரி ராத்திரியா காப்பி ஓடுச்சு. முடிஞ்சதும் கண்ட கண்ட இடத்துல இருந்து இருபது ஃபைலைத் திறந்து பார்க்கச் சொன்னேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது.

மூணாவது ஞாயிறு: மாத்தின கதை

வேலை ஒரு மணி நேரம்தான். பழைய சிப்போடயே பெட்டியோட பயாஸை முதல்ல புது பதிப்புக்குக் கொண்டு வந்துட்டோம், ரொம்பப் பழைய பதிப்புல புது சிப்பைக் கண்டுக்காம போக வாய்ப்பு இருக்கு. அணைச்சு, பிளக்கை உருவி, கேபிள்களைக் கழற்றறதுக்கு முன்னாடி போன்ல நாலு போட்டோ. திரும்ப மாட்டும்போது எது எங்கேன்னு சத்தியமா ஞாபகம் இருக்காது. போர்டு இருக்கற தட்டை வெளிய இழுத்து, ஹீட்சிங்க் ஸ்க்ரூவை குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தணும். வரலேன்னா பலமா இழுக்காதீங்க, காஞ்சுபோன பேஸ்ட் பிடிச்சிருக்கும், லேசா திருகினா விட்டுடும்.

இந்தச் சாக்கெட்ல பயப்பட வேண்டிய ஒரே இடம் ஊசிகள். எல்ஜிஏ வகையில ஊசி சிப்புல இருக்காது, போர்டுல இருக்கும். 1,155 முடி மாதிரி ஊசி. சிப்பை சாய்ச்சு வச்சாலோ, மேல துணி பட்டாலோ வளையும். வளைஞ்சா போறது 4,800 ரூபாய் சிப் இல்ல, முழு போர்டு. சிப்புல இருக்கற வெட்டும் சாக்கெட்ல இருக்கற மேடும் பொருந்தற மாதிரி நேரா கீழ இறக்கணும், அழுத்தக் கூடாது, தானா உட்காரும். லீவரை இறக்கும்போது மட்டும் கொஞ்சம் பலம் வேணும், ஒரு நறநற சத்தம் வரும், அது இயல்புதான். எனக்கு இன்னும் அந்தச் சத்தத்துல வயிறு கலங்கும்.

ஹீட்சிங்க் அடியை ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல துடைச்சு, சிப் நடுவுல துவரம்பருப்பு அளவுக்கு புது பேஸ்ட். நிறைய வச்சா நல்லதுன்னு சட்னி மாதிரி பூசாதீங்க. பேஸ்ட் 300 ரூபாய்.

பவர் போட்டோம். முதல் தடவை மெதுவாத்தான் எழுந்தது. திரையில ஜியான் பேர் வந்ததும் தம்பி கை தட்டினான். ஓஎஸ் உள்ள இருக்கற பென்டிரைவ்ல இருந்ததால அதுவும் வந்துடுச்சு.

டிஸ்க் ஒண்ணுதான் வந்தது.

51,000 மணி நேரம் ஓடின டிஸ்க்ல இருந்து டிக், டிக்னு ஒரு சத்தம். அணைச்சு, கேபிளை மாத்தி, வேற பே-ல போட்டு, எதுவும் நடக்கல. வருஷக்கணக்கா நிக்காம ஓடின டிஸ்க் ஒரு தடவை நின்னு குளிர்ந்தா திரும்ப எழாம போறது உண்டு. பிராசசர் மாத்தினதால போகல. ஆனா பிராசசர் மாத்த அணைச்சதாலதான் அன்னைக்குப் போச்சு. கரண்ட் கட் ஆகியிருந்தாலும் அதே கதைதான். ரெய்டு 0 மொத்தமும் காலி.

அவன் ஒண்ணும் சொல்லாம உள்ள போய் அலமாரியில இருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எடுத்துட்டு வந்து லேப்டாப்ல போட்டு, அப்பா ஆல்பம் ஃபோல்டரைத் திறந்து பார்த்தான். எல்லாம் இருந்தது. அவங்க அம்மா எங்க ரெண்டு பேருக்கும் காபி கொண்டு வந்து வச்சாங்க, என்ன நடந்ததுன்னு அவங்களுக்கு இன்னும் தெரியாது.

அடுத்த மாசச் சம்பளத்துல புதுசா 4 டிபி நாஸ் டிஸ்க் ஒண்ணு, 9,800. தப்பிச்ச இன்னொரு 2 டிபி டிஸ்க்கும் அதே வயசுதான், அதை முக்கியமான எதுக்கும் பயன்படுத்தல. எல்லாம் திரும்ப ஏத்தினதுக்கு அப்புறம் அளந்தோம். பூட்டின ஃபோல்டர் 45-ல இருந்து 90-ஐத் தாண்டுச்சு. இம்மிச் முகம் தேடற வேலையை ஆரம்பத்துல இருந்து ஓட விட்டோம், அடுத்த நாள் சாயந்திரம் முடிஞ்சது. பிளக் மீட்டர்ல சும்மா இருக்கும்போது 38 இருந்தது 41 ஆச்சு. வருஷத்துக்கு 26 யூனிட் கூடுதல், 160 ரூபாய்க்குள்ள. சாதாரண ஃபைல் காப்பி? அதே 108. அது எப்பவோ 1,350 ரூபாய்ல சரியானது.

கடைசி பில்: ஸ்விட்ச், கேபிள் 1,350. எக்ஸ்டர்னல் டிஸ்க் 9,600. சிப்பும் பேஸ்ட்டும் 5,100. புது டிஸ்க் 9,800. மொத்தம் 25,850. முதல் லிஸ்ட்டோட தொகையை விட வெறும் 150 ரூபாய் கம்மி. ஆனா இஎம்ஐ இல்லாம ரெண்டு மாசச் சம்பளத்துல பிரிச்சுக் கொடுத்தது, அதுல 20,750 ரூபாய் சாமான் அடுத்த பெட்டிக்கும் வரும். பெட்டியோட ஒட்டிக்கிட்டது 5,100, நான் போட்ட கூரைக்குள்ள.

எக்ஸ்டர்னல் டிஸ்க் இப்ப ஊர்ல அவங்க அக்கா வீட்டு பீரோவுல இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போகும்போது எடுத்துட்டு வந்து புதுப்பிக்கறான். பழைய செலரானை மூடி போட்ட டப்பாவுல பத்திரமா வச்சிருக்கான், ஜியானுக்கு ஏதாவது ஆனா பெட்டியை எழுப்ப அது போதும். செத்த டிஸ்க்கை மட்டும் காயலான் கடையில போட வேண்டாம்னு சொல்லியிருக்கேன். நமக்குத்தான் அது செத்தது, உள்ள தட்டுல அவன் பான் கார்டும் வீட்டுப் பத்திரமும் துண்டு துண்டா இன்னும் இருக்கு. டிரில்லர் வச்சு தட்டுல நாலு ஓட்டை போட்டுட்டு அப்புறம் தூக்கிப் போடலாம். வர்ற ஞாயிறு அந்த வேலைக்கு மறுபடி வேளச்சேரி போறேன்.